பீச் வரைக்கும் போய்த் திரும்புகிறவள்

1

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இந்த டொராண்டோ நகரம் முழுக்க எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்த நாள். குளிர்காலம் வரும்போது இப்படித் திருப்பி வைக்க வேண்டும், கோடை வரும்போது முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அரசாங்க உத்தரவு. முதல் வருஷம் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தாம்பரத்தில் என் மாமியார் செய்த வேலையை இங்கே ஒரு அரசாங்கமே செய்கிறதே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நாங்கள் இங்கே வந்து இறங்கியதும் ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வாரம்தான். அதைக் கொண்டாட பாயசம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சாப்பாட்டு மேஜையில் என் மகள் நித்யாவின் பள்ளிக்கூடத் தாளைப் பார்த்தேன்.

நித்யாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். அவளுடைய வகுப்பில் நேரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார்களாம். வீட்டில் ஒரு பெரியவரைக் கவனித்து, அவருடைய இருபத்து நான்கு மணி நேரத்தை வட்டமாகப் போட்டுப் பங்கு பிரிக்க வேண்டும். எது பயனுள்ளது, எது வீண் என்று பட்டியல் போட வேண்டும். கடைசியில் பெற்றோர் கையெழுத்து. அவள் என்னைக் கவனித்திருக்கிறாள். எனக்கே தெரியாமல்!

வீண் என்ற பட்டியலில் மூன்று இருந்தன. ஒன்று, அம்மா தினமும் காலையில் தப்பான திசையில் ரயில் ஏறுகிறாள். இரண்டு, சமையலறைக் கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் வேகமாக வைத்திருக்கிறாள், அதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. மூன்று, இந்தியாவிலிருந்து வரும் ஒரு கிழவருடைய கடிதங்களை மூன்று மூன்று தடவை படிக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

"என்னடி எழுதி வெச்சிருக்கே? நான் நேரத்தை வீணாக்கறவளா?"

"அம்மா, உண்மைதானே? டெய்லி ஆபீஸ் ஒரு பக்கம் இருக்கு, நீ இன்னொரு பக்கம் போற. என் ஃப்ரெண்டு பார்த்துட்டுக் கேட்டா, உங்கம்மா வழி தெரியாம அலையறாங்களான்னு. எனக்கு எவ்ளோ எம்பராஸிங்கா இருந்துச்சு தெரியுமா?"

"உக்காரு. கதை சொல்றேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம்தான். வந்த புதிதில் என் மேலதிகாரியிடம் இப்படித்தான் சொல்லித் தொலைத்தேன். அந்த மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்று, ஆறாவது நிமிஷம் "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அது ஒரு மரியாதைச் சொல், அளவு கிடையாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? அன்றிலிருந்து இங்கே நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது என்றே சொல்கிறேன். மகளிடம் மட்டும் வாய் பழையபடி போய்விடுகிறது.

2

தாம்பரத்தில் எங்கள் வீடு கிழக்கே சேலையூர்ப் பக்கம். ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து நிமிஷம் நடை. நான் எழும்பூரில் ஒரு டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தேன். சிவில் டிப்ளமோ. கட்டடப் படங்களை வரைகிற வேலை.

ஒவ்வொரு படத்துக்கும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு கட்டம். "வரைந்தவர்" என்று ஒன்று, "ஒப்புதல்" என்று ஒன்று. வரைந்தவர் கட்டத்தில் என் இனிஷியலைப் போடுவேன். ஒப்புதல் கட்டத்தில் எங்கள் முதலாளி கையெழுத்துப் போடுவார். அவர் இன்ஜினியர். உத்தரம் தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டி, அவர் படத்தை நானே இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன். ஆனாலும் கையெழுத்து அவருடையதுதான். அந்த இரண்டாவது கட்டத்தில் ஒரு நாள் என் பெயர் ஏறியே ஆக வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

டிப்ளமோக்காரர்கள் வேலை பார்த்துக்கொண்டே எழுதி இன்ஜினியர் ஆகிற பரீட்சை ஒன்று உண்டு. அதன் முதல் பாதியை முடித்துவிட்டேன். இரண்டாவது பாதியில் இரண்டு தடவை தோற்றேன். இரண்டாவது தோல்வி வந்த அன்று நித்யாவுக்கு மூன்று வயது. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு தடவை பாரும்மா. வரலேன்னா விட்டுடு. நானும் எத்தனை நாள்தான் வீட்டையும் இவளையும் பார்க்கறது? எனக்கும் முட்டி வலிக்குது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. என் வீட்டுக்காரருக்குக் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

ஆக, ஒரே ஒரு தடவை. படிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு வாரம் தேடினேன். வீட்டில் அரை மணிகூடத் தேறவில்லை. தண்ணீர் அடிக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், மண்ணெண்ணெய்க்கு நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டும்.

கடிகாரக் கூத்து வேறு. கூடத்துக் கடிகாரத்தை அத்தை பதினைந்து நிமிஷம் வேகமாக வைத்திருப்பார், யாரும் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று. ஆனால் அது பதினைந்து நிமிஷம் வேகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணாந்து பார்ப்போம், பதினைந்தைக் கழிப்போம், "இன்னும் டைம் இருக்கு" என்று இன்னொரு வாய் காபி குடிப்போம். தாம்பரத்தில் நான் பார்த்த வீடுகளில் பாதி இப்படித்தான்.

3

கிடைக்காத நேரம் எனக்கு ரயிலில்தான் கிடைத்தது.

காலையில் பிரச்சினை இல்லை. மின்சார ரயில் தாம்பரத்திலேயே புறப்படுகிறது. எட்டு இருபது வண்டி, லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம். எழும்பூர் வர முக்கால் மணிக்கு மேல் ஆகும். ஆனால் பேச்சு! எங்கள் பெட்டியின் தலைவி சகுந்தலா அக்கா. சிட்லபாக்கத்துக்காரர், டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க அடுத்தவர் பேச லைன் போட்டுக் கொடுக்கிறவர், தன் பேச்சையெல்லாம் ரயிலில்தான் பேசித் தீர்ப்பார். புத்தகத்தைப் பிரித்தாலே, "வசந்தா, நீயே சொல்லு" என்று இழுத்துவிடுவார்.

ஒரு நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, இது எனக்குக் கடைசி சான்ஸ்" என்று உடைத்துச் சொன்னேன்.

சகுந்தலா அக்கா எழுந்து நின்றார். "கேட்டுக்கங்கடி. அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் தாண்டிட்டா இவளை யாரும் கூப்பிடக் கூடாது. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நான் பேசினா என் வாயில அடிங்க."

சாயங்காலம்தான் சிக்கல். எழும்பூருக்கு வரும்போதே வண்டி நிரம்பி வழியும். நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் டிபன் கேரியர் என்றால் புத்தகத்தை மூன்றாவது கையிலா பிடிப்பது? வண்டி பீச் ஸ்டேஷனில்தான் கிளம்புகிறது. அங்கே ஏறினால் உட்காரலாம். அதனால் சாயங்காலம் எழும்பூரில் எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்துக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்க், கோட்டை, பீச் வரைக்கும் போவேன். அங்கே எல்லோரும் இறங்குவார்கள். நான் இறங்க மாட்டேன். ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். அதே வண்டி திரும்பித் தாம்பரம் வரும். பின்னால் போக, காத்திருக்க என்று இருபது நிமிஷம் கொடுத்து ஒரு மணி நேரப் படிப்பை வாங்கினேன். இந்த வியாபாரம் மடத்தனம் என்று எவராவது சொன்னால் நேரே வந்து என்னிடம் பேசட்டும்.

காய் நறுக்குவதையும் பெட்டியே ஏற்றுக்கொண்டது. கூடைக்காரியிடம் பீன்ஸ் வாங்கி மடியில் கொட்டி நறுக்கிக்கொண்டு வருவது லேடீஸ் பெட்டியில் எல்லோரும் செய்வதுதான். வழியில் ஏறுகிற சகுந்தலா அக்கா என் பையைப் பிடுங்கிக்கொள்வார். நாலு பேர் சேர்ந்து நறுக்கி, பல்லாவரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக நான் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்தேன். அப்போது மேடவாக்கம், சிட்லபாக்கம் என்று எல்லோரும் மனை வாங்கிக்கொண்டிருந்த நேரம். சகுந்தலா அக்கா வீட்டு அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கிறதென்றால், அது நான் வைத்த ஜன்னல்.

4

ரயில் கிடைத்தது சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் இருந்தார். கோவிலம்பாக்கம் சின்ன மாமா. என் மாமனாரின் தம்பி. பரம்பரையாக விவசாயம். நிலமெல்லாம் மனையாகப் போன பிறகு செய்ய வேலை இல்லை. ஒரு மொபெட் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாகப் போய் உட்காருவார். எங்களுக்கு ஞாயிறு. காலை இட்லிக்கு வந்தால் சாயங்காலம் டிவியில் படம் முடிந்துதான் எழுந்திருப்பார். கெட்ட மனுஷர் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

"இன்னாம்மா வசந்தா, இன்னும் பட்ச்சிகினு கீறியா? படிச்சவன்லாம் எங்கைல மனை வாங்க வந்து நிக்கறான். பொஸ்தகத்த மூடிட்டு ஒரு காபி போடு."

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மண்ணெண்ணெய் வரும் நாள். ரேஷன் கார்டையும் கேனையும் அவர் கையில் கொடுத்தேன். "மாமா, எனக்குப் படிக்கணும். நீங்க போய் நிக்கறீங்களா?" என்று கேட்டே விட்டேன். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மனுஷர் மூன்று மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சோக்கான க்யூம்மா! நம்ம அகரம்தென் ஆளு ஒர்த்தன் முன்னாடி நின்னான். ராஜகீழ்ப்பாக்கத்து சமாச்சாரம் மொத்தம் தெரிஞ்சிகினேன். அடுத்த தபா எப்போ ஊத்தறாங்கோ?"

அவருக்கு வேண்டியது பேச ஆள். க்யூவில் நிற்கிறவன் எழுந்து போக முடியாது, காபியும் கேட்க மாட்டான். அன்றிலிருந்து சர்க்கரை, மண்ணெண்ணெய், கரண்டு பில் எல்லாம் சின்ன மாமா கணக்கு. எனக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தது.

5

பரீட்சை நாள். எழும்பூரில் சென்டர், ஸ்டேஷனிலிருந்து கால் மணி நடை. ஒன்பதரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். எட்டு இருபது வண்டியைப் பிடித்தால் சரியாக இருக்கும். அதற்கு ஏழு ஐம்பதுக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் காலை ஷிப்ட் போய்விட்டார். நித்யாவுக்குத் தலை பின்னினேன், சாமி கும்பிட்டேன். கூடத்துக் கடிகாரம் எட்டு அஞ்சு காட்டியது. பதினைந்தைக் கழித்தேன். ஏழு ஐம்பது. நிதானமாகச் செருப்பு மாட்டினேன்.

அத்தை ஓடி வந்தார். "என்னம்மா ஆடி அசைஞ்சு கிளம்பறே? மணி எட்டு அஞ்சு!"

"அது வேகம்தானே அத்தை. ஏழு ஐம்பதுதான் ஆகுது."

அத்தை முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ. இன்னைக்கு உனக்குப் பரீட்சையாச்சே, இன்னைக்காவது சரியான நேரம் காட்டட்டும்னு நேத்து ரேடியோ நியூஸ் கேட்டுத் திருப்பி வெச்சேனேம்மா..."

அத்தனை வருஷத்தில் அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது அன்று ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் நான் மோசம் போனேன். வண்டிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கிறது. நடை இருபத்தைந்து நிமிஷம். அடுத்த வண்டியில் போனால் கதவு மூடியிருக்கும். அத்தை "பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வருஷப் படிப்பும் அந்த வாசற்படியில் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாசலில் படபடவென்று சத்தம். மொபெட். ரேஷன் கார்டையும் கேனையும் வாங்கிப்போக வந்திருந்தார் சின்ன மாமா. அன்று மண்ணெண்ணெய் நாள்!

"இன்னா ஆச்சு? எதுக்கு அயுவுற? ரயிலா? ஏறு பின்னாடி!"

இந்த மனுஷர் மொபெட் ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்தடிக்கு ஒருவரிடம் நின்று சௌக்கியம் விசாரிப்பார். சேலையூரிலிருந்து ஸ்டேஷனுக்கு வர அவருக்கு அரை நாள் ஆகும். அன்றைக்கும் வழியில் மூன்று பேர் கை காட்டினார்கள். ஒருவர் "தலைவரே!" என்று நடுரோட்டுக்கே வந்துவிட்டார். மாமா நிற்கவில்லை. "அப்பால பேசிக்கலாம், புள்ளைக்குப் பரிச்ச!" என்று கத்திக்கொண்டே பறந்தார். ஐந்து வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைகளைச் சாப்பிட்டவர், எனக்கு வேண்டிய அந்தப் பத்து நிமிஷத்தை முழுசாகக் கொடுத்துவிட்டார்.

படியேறி இறங்கி நான் பிளாட்பாரத்துக்கு வந்தபோது வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. சகுந்தலா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "வசந்தா, கைய குடுடி!" ஒரே இழுப்பு. ஜன்னலோர இடத்தில் யாருடைய கைக்குட்டையோ போட்டு எனக்காக வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தாம்பரத்திலிருந்தே பெட்டியில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

பாஸ். நல்ல மார்க்கில் பாஸ்! ரிசல்ட் வந்த அன்று பெட்டி முழுக்க ஜாங்கிரி. அடுத்த மாதம் ஒப்புதல் கட்டத்தில் என் கையெழுத்து ஏறியது. முதல் படத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன். அவருக்குப் படம் புரியவில்லை. மூலையில் என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார். கடிகாரத்தை மறுபடியும் பதினைந்து நிமிஷம் தள்ளி வைத்தார்.

6

அப்புறம் கனடா. இங்கே வந்ததும் மறுபடியும் வரைந்தவர் கட்டம். உன் ஊர்ப் பரீட்சை செல்லாது, இங்கே எழுது என்றார்கள். சரி, எழுதுகிறேன். வார்டன் ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குப் பக்கம். நகரத்துக்குப் போகும் ரயில் அங்கே வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. ஆனால் அதற்கு முந்தின ஸ்டேஷன் கென்னடி, ரயில் கிளம்புகிற இடம். எனக்கா சொல்லித் தர வேண்டும்? ஒரு ஸ்டேஷன் பின்னால் போனேன், உட்கார்ந்தேன், புத்தகத்தைத் திறந்தேன். ஐந்து வருஷம். எல்லாப் பரீட்சையும் முடித்தேன். பின்னால் போய் ஏறுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

முடித்த பிறகு ஒரு கடிதம் கேட்டார்கள். பழைய முதலாளி, நான் இன்ன வேலை பார்த்தேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த டிராயிங் ஆபீசோ மூடியாகிவிட்டது. முதலாளிக்கு மூன்று தடவை எழுதினேன், பதில் இல்லை. இங்கே அலுவலகத்தில் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து என் நிலைமையைச் சொன்னேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "கடிதம் இல்லாமல் லைசென்ஸ் இல்லை" என்றாள். ஏழாவது வருஷமும் வந்துவிட்டது. கடைசியில் சின்ன மாமாவுக்கு எழுதினேன்.

அவருடைய பதிலைத்தான் நான் மூன்று தடவை படித்ததாக என் மகள் எழுதியிருக்கிறாள். முப்பது தடவை படித்தேன். பேசுகிறபடியே எழுதியிருந்தார்.

"அம்மா வசந்தா, அந்தாளு நங்கநல்லூர்ல கீறாரு. மூணு நாளு போயி குந்திகினேன். மொத நாளு காபி குட்த்தாங்கோ. ரெண்டாம் நாளு தண்ணி குட்த்தாங்கோ. மூணாம் நாளு லெட்டரு குட்த்தாங்கோ. இத்தோட வெச்சிக்கீறேன். ஒனக்கு வேற எங்கனா ஆளு குந்தணும்னா எழுது."

உலகத்தில் வேறு யாராலும் அந்தக் கடிதத்தை வாங்கியிருக்க முடியாது.

7

போன வெள்ளிக்கிழமை என் முத்திரை வந்தது. இந்த ஊரில் லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியருக்கு வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை தருவார்கள். நடுவில் என் பெயர். அது விழுந்தால்தான் கட்டடத்தின் படம் செல்லும். சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

கதை முடிந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நித்யா ஒரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அந்தத் தாத்தாவா அப்படிப் பறந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது வட்டத்தைப் புதிதாகப் போட்டிருந்தாள். ரயிலையும் கடிதத்தையும் பயனுள்ள பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். கடிகாரத்தை மட்டும் வீண் பட்டியலிலேயே விட்டுவிட்டாள். அது நியாயம்தான்.

"பெற்றோர் கையெழுத்துப் போடணுமில்ல? குடு, பேனா எடுக்கறேன்" என்றேன்.

"சைன் வேணாம்மா" என்று தாளின் வலது கீழ் மூலையைக் காட்டினாள். வீட்டில் நான் விரித்து வைக்கும் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். ஸ்கேல் வைத்து ஒரு பெட்டி போட்டிருந்தாள். வரைந்தவர் என்ற கட்டத்தில் நித்யா என்று தமிழிலேயே எழுதியிருந்தாள், கோணல் மாணலாக. ஒப்புதல் என்ற கட்டம் காலியாக இருந்தது.

கட்டடப் படம் தவிர வேறு எதிலும் இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்பது சட்டம். எனக்கும் தெரியும். சாமி அலமாரிக்குப் போய் எடுத்து வந்தேன். மையில் நன்றாக அழுத்தி, அவள் போட்ட கட்டத்துக்குள் ஓங்கிக் குத்தினேன்.